உண்ண மறுக்கும் குழந்தையும் கோரமண்டலின் அடுக்களையும்

குழந்தை உண்ண மறுத்தால் நம் சமூகம் இரண்டு விளக்கங்களைக் கைவசம் வைத்திருக்கிறது: குழந்தைக்கு அடம், அல்லது தாய்க்கு ஊட்டத் தெரியவில்லை. இரண்டும் ஆராயாமல் சொல்லப்படும் தீர்ப்புகள். உண்ணுதல் பிறவியிலேயே முழுமையாக வாய்த்துவிடும் செயல் அன்று. தலையும் உடலும் நிலைகொள்ள வேண்டும். உதடுகள் மூட வேண்டும். நாக்கு உணவைக் கடைவாய்க்குத் தள்ள வேண்டும். மூச்சும் விழுங்குதலும் ஒன்றையொன்று இடறாமல் இயங்க வேண்டும். மருத்துவம், ஊட்டச்சத்து, உண்ணும் திறன், உளச்சமூகச் சூழல் ஆகிய நான்கு தளங்களிலும் குழந்தைகளின் உணவுண்ணல் கோளாற்றை நோக்க வேண்டும் என்று 2019இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் வரையறை வலியுறுத்துகிறது. அடம் என்ற ஒற்றைச் சொல் இந்த நான்கையும் மறைத்துவிடுகிறது.

ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்முறைச் சிகிச்சையின் பணி இங்கேதான் தொடங்குகிறது. அது குழந்தையின் வாயை மட்டும் பார்ப்பதில்லை. அமரும் நிலை, பாதங்களுக்குத் தாங்கல், கரண்டியின் அளவு, உணவின் பதம், ஊட்டுபவரின் அவசரம் ஆகிய அனைத்தையும் பார்க்கிறது. பிசுபிசுப்பைத் தொட்டாலே குமட்டும் குழந்தைக்கு, முதலில் கையால் தொடவும் முகரவும் பழக்கிப் பிறகே வாய்க்குக் கொண்டுசெல்கிறது. எங்கும் வலுக்கட்டாயம் இல்லை.

இச்சிகிச்சை கோலார் தங்க வயலின் கோரமண்டல் போன்ற பகுதிக்கு எவ்வாறு வந்து சேரும் என்பதே கேள்வி. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபோது, வேலையுடன் சுரங்க நிறுவனத்தைச் சார்ந்திருந்த மருத்துவ வசதியும் இத்தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களை விட்டு அகன்றது. இன்று ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறி, ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருவுக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். பெற்றோர் இருவரும் அவ்வாறு சென்றால் குழந்தைக்கு ஊட்டுவது பாட்டியின் கை. வாரந்தோறும் நகரத்து மையத்துக்கு வரச் சொல்லும் சிகிச்சைத் திட்டம் அக்குடும்பத்திடம் ஒரு நாள் கூலியைக் கேட்கிறது. கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட அறிவுரைத் தாள், தமிழ் மட்டுமே வாசிக்கும் பாட்டிக்குப் பயன்படாது.

ஆனால் அந்த அடுக்களையில் சிகிச்சைக்கு வேண்டிய பொருள் இருக்கிறது. கோலார் வட்டாரத்தின் ராகி ஒன்றே நான்கு பதங்களைத் தருகிறது: துணியில் வடித்துக் காய்ச்சிய ராகிப்பால், கஞ்சி, கூழ், களி. பதத்தைப் படிப்படியாக மாற்றும் பயிற்சிக்கு இதைவிட மலிவான வழி அரிது. எனினும் வழக்கமான எண்ணங்கள் சிலவற்றைத் திருத்த வேண்டும். நீர்த்த உணவே எளிதில் இறங்கும் என்று நம்புகிறோம். விழுங்குதலில் சிக்கலுள்ள சில குழந்தைகளுக்கு வேகமாக ஓடும் நீர்மமே மூச்சுக்குழலுக்குள் செல்லும் ஆபத்து மிகுந்தது. நீர்க்க நீர்க்கச் சத்தும் குறைகிறது. களியோ பெரியவர்கள் மெல்லாமல் விழுங்கும் உணவு. மெல்லப் பழகாத குழந்தைக்கு அது தொண்டையை அடைக்கலாம். சங்கு அல்லது பாலாடையும் தவறான கருவி அன்று. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளே அதைப் பயன்படுத்துகின்றன. நீட்டிய கால்களில் கிடத்தி, தலை பின்னால் சாய்ந்திருக்க, அழும் வாயில் ஊற்றுவதுதான் ஆபத்து.

அடையாளம் காணும் அமைப்பு ஏட்டளவிலாவது உண்டு. பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் (ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம்) 2013இல் தொடங்கப்பட்டது; வளர்ச்சித் தாமதமும் அதன் வரம்புக்குள் வருகிறது. அங்கன்வாடி குழந்தையின் எடையைப் பதிவுசெய்கிறது. எடை குறைந்தால் சத்துமாவு கிடைக்கிறது. அதைக் குழந்தையால் மென்று விழுங்க முடிகிறதா என்று கேட்பார் இல்லை. எடைப் பதிவேட்டில் அக்கேள்விக்கு ஒரு கட்டம் வேண்டும்.

அங்கன்வாடி ஊழியரையே சிகிச்சையாளராக்கிவிடலாம் என்பது இதன் பொருள் அன்று. ஏற்கெனவே சுமை மிகுந்த அவர்கள்மீது இன்னொரு பணியை ஏற்றுவது தீர்வாகாது. உண்ணும்போது இருமல், உண்டபின் குரலில் ஈரக் கரகரப்பு, அடிக்கடி நிமோனியா ஆகியவை தென்பட்டால் மருத்துவரிடம் அனுப்ப அவர்கள் அறிந்திருந்தால் போதும். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் மாதத்தில் சில நாட்களேனும் இங்கு வந்து, வீட்டிலேயே, ஊட்டுபவரின் மொழியில், அவர் சமைக்கும் உணவைக் கொண்டே கற்பிக்க வேண்டும். அது பொதுச் சுகாதாரத் துறையின் பொறுப்பு.

ஆய்வு மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. உணவுண்ணல் குறித்த மதிப்பீட்டுக் கருவிகள் பெரும்பாலும் மேலைநாட்டு உணவையும் நாற்காலியையும் தாயையும் முன்னிறுத்தி உருவானவை. தரையில் அமர்ந்து, பாட்டியின் கையால், கூழ் உண்ணும் குழந்தையை அவை எந்த அளவுக்குச் சரியாக அளக்கும்? சுரங்கத்தின் ஆழத்தையும் தங்கத்தின் எடையையும் துல்லியமாகக் கணக்கிட்ட இவ்வூரில், ஒரு குழந்தை ஒரு வாய்க் கூழை விழுங்க எவ்வளவு பாடுபடுகிறது என்பதும் அறியத்தக்க செய்தியே.