கணினிக்குள் நடப்பதைக் காண்போம்

ஆய்வகத்தில் நிரல் எழுதுகிறோம். விடை வந்தால் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெறுகிறோம். வராவிட்டால் அடுத்த இருக்கை நண்பரின் நிரலைப் பார்த்து எழுதுகிறோம். இடையில் கணினிக்குள் நடந்தது என்ன என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

அதைக் காட்டவல்ல கருவி ஒன்று உண்டு. பெயர் எஸ்ட்ரேஸ். 1991-ல் பால் கிரானன்பர்க் என்பவர் சன் கணினிகளுக்காக எழுதியது. பின்னர் லினக்ஸுக்கும் வந்தது.

முல்லைப் பெரியாற்று நீர் நம் கம்பம் பள்ளத்தாக்கு வயல்களுக்கு வருகிறது. ஆயினும் எந்த உழவரும் தாமே அணை மதகைத் திறந்துகொள்ள முடியாது. உரியவர்களிடம் கேட்டே பெற வேண்டும். நிரலும் அவ்வாறே. கோப்பைத் திறக்கவும், திரையில் ஓரெழுத்தைக் காட்டவும் அது கெர்னலிடம் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பெயர்தான் சிஸ்டம் கால். ஒவ்வொரு கேள்வியையும், கெர்னல் தந்த விடையையும் வரிசையாக எழுதிக் காட்டுவதே எஸ்ட்ரேஸின் பணி.

சி மொழியில் 'வணக்கம்' என்று ஒரு வரி அச்சிடும் நிரலை இதன்கீழ் ஓட்டிப் பாருங்கள். இறுதியில் 'ரைட்' என்னும் அழைப்பில் 22 என்ற எண் தோன்றும். நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து அன்றோ? யூனிகோடில் மெய்யின் புள்ளி தனிக் குறியீடு. ஆகவே குறியீடுகள் 7. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 21. வரிமுடிவு சேர்ந்து 22. பக்கம் பக்கமாகப் படித்தாலும் மனத்தில் நில்லாதது ஒரு வரியில் விளங்கிவிடுகிறது!

பிழை நேர்ந்தாலோ இதன் அருமை இன்னும் புலப்படும். கோப்பு கண்முன்னே இருக்கும். நிரலோ இல்லை என்று நின்றுவிடும். எஸ்ட்ரேஸைக் கேட்டால், நிரல் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரைத் தேடியதும், வட்டில் இருப்பது சிறிய எழுத்தில் தொடங்குவதும் தெரிந்துவிடும். லினக்ஸுக்கு இரண்டும் வேறு.

பாடச்சுமை போதாதா என்பர் சிலர். நிரலின் வேகம் குறையும் என்பர். உண்மையே, ஆனால் கற்பவனுக்கு வேகமா முக்கியம்? கடவுச்சொல்லும் இதில் தெரிந்துவிடக்கூடும் என்பது மற்றோர் அச்சம். நம் சொந்த நிரலை மட்டும் ஆராய்ந்தால் போதுமே! செலவும் இல்லை. சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் இதை நிறுவிக்கொள்ளலாம்.

நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். ஐயம் எழுந்தால் வீட்டில் கேட்க ஆளில்லை. நள்ளிரவிலும் சலிக்காமல் விடை சொல்லும் கருவி நமக்கன்றோ முதலில் வேண்டும்?

இயங்குதளச் செய்முறை வகுப்பில் ஒரே ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்குமாறு பேராசிரியர்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். பார்த்து எழுதும் பழக்கம் ஒழிய வேண்டுமானால், பார்த்து அறியும் பழக்கம் வளர வேண்டும்.