தொண்ணூறு நாள் கணக்கு

2024 ஜனவரி முதல் தேதி ஒரு சபதம் எடுத்தேன். வருஷத்துக்கு 24 புத்தகம், மாதம் இரண்டு. ஏன் 24 என்றால் அது இருபத்து நாலாம் வருஷம், அவ்வளவுதான். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. கூட வேலை பார்க்கும் பையன் குட்ரீட்ஸில் 'ரீடிங் சேலஞ்ச்' என்று 50 போட்டிருப்பதை மொபைலில் காட்டினான். நமக்கு அதெல்லாம் சரிப்படாது. பழைய ஆபீஸ் டைரியில் கோடு போட்டு வரிசை எண், புத்தகம், ஆசிரியர், பக்கம், ஆரம்பித்த தேதி, முடித்த தேதி என்று பிரித்துக்கொண்டேன். பி.காம். படித்தவன் புத்தி வேறு எங்கே போகும்?

டிசம்பர் 31 ராத்திரி பத்து மணிக்கு 24-ஆவது புத்தகம் முடிந்தது. டைரியைத் தூக்கிக்கொண்டு போய் மனைவியிடம் காட்டினேன். "சரிங்க, சந்தோஷம். அந்த கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொன்னேனே?" என்றார். அது வேறு கதை.

வினை பிப்ரவரியில் வந்தது. ஒன்பதாவது படிக்கும் மகள் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள். நாங்கள் செகந்திராபாத் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. தெலுங்கும் இந்தியும் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. தமிழ் நன்றாகப் பேசுவாள். படிக்கத் தெரியாது, கடைப்பலகையைக் கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். (யார் தப்பு என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று தெரியும்.) அட்டைப்படம் பிடித்துப்போய் ஒரு நாவலை உருவி, "அப்பா, இது என்ன கதை?" என்றாள்.

யோசித்தேன். ஒரு கிராமம். ஒரு பெரிய வீடு. யாரோ ஓர் அண்ணன் தம்பி. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"படிச்சீங்கதானே?"

டைரியைப் பார்த்தேன். வரிசை எண் 19. முடித்த தேதியும் போட்டிருக்கிறேன். என் கையெழுத்துதான்.

புத்தகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். தப்பு எழுதியவர் மேல் இல்லை. மாதக் கடைசியில் பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி படித்தவன் மேல்.

வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விதி மனப்பாடம். வட்டியோ தவணையோ 90 நாளுக்கு மேல் நிலுவையாக நின்றால் அந்தக் கடன் என்.பி.ஏ., அதாவது வாராக் கடன். முன்பு 180 நாள் இருந்தது. 2004 மார்ச் 31-லிருந்து 90 ஆக்கினார்கள். கடன் கொடுத்த அன்றைக்கு எல்லாக் கடனும் நல்ல கடன்தான். எது நிற்கும், எது முழுகும் என்பது அப்புறம்தான் தெரியும்.

இயர் எண்டிங் அமளி எல்லாம் ஓய்ந்து 2025 ஏப்ரல் முதல் வாரம் டைரியோடு உட்கார்ந்தேன். டிசம்பர் 31-ல் முடித்த புத்தகத்துக்கும் மார்ச் 31-ல் சரியாக 90 நாள். ஆக, 24-ம் ஆடிட்டுக்குத் தயார். சோதனை சுலபம். புத்தகத்தைத் திறக்காமல் ஐந்து நிமிஷம் அதைப் பற்றி என் பெண்ணுக்குச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் நல்ல கணக்கு. திணறினால் என்.பி.ஏ.

நல்ல கணக்கு 10. என்.பி.ஏ. 14.

டிசம்பர் ஒரு மாதத்தில் மட்டும் ஏழு புத்தகம் முடித்திருந்தேன், அதில் ஆறு போய்விட்டது. அந்த ஏழும் ஒல்லிப் புத்தகங்கள். மார்ச் கடைசி வாரம் கிளைகளில் நடக்கிற அதே விண்டோ டிரெஸ்ஸிங், நான் வீட்டிலேயே நடத்தியிருக்கிறேன். கணக்கு முடிக்கிற தேதிக்குள் எண் வந்தாக வேண்டும், பின்னால் என்ன ஆனாலும் சரி.

ஒல்லிப் புத்தகம் என்பதால் முழுகிவிட்டது என்று சொல்லவில்லை. பூமணியின் 'வெக்கை' சின்ன நாவல்தான், 1982-ல் வந்தது. வெற்றிமாறன் 2019-ல் 'அசுரன்' எடுத்தது இதை வைத்துத்தான். அண்ணனைக் கொன்றவனைப் பதினைந்து வயசுப் பையன் சிதம்பரம் வெட்டிவிட்டு, அப்பாவோடு காடு கரை என்று ஒளிந்து திரிகிறான். இரண்டு நாளில் படித்தேன். இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. ஒளிந்திருக்கிற இடத்தில் அப்பாவும் பிள்ளையும் கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிடுவதை என்னால் மறக்க முடியாது.

அதே பூமணியின் 'அஞ்ஞாடி' 2012-ல் வந்தது, 2014-ல் சாகித்ய அகாதெமி விருது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தது. 2024-ல் அதை முந்நூறாவது பக்கத்தில் நிறுத்திவிட்டேன். காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதற்கு நாலு மாதம் ஆகும், டைரியில் ஒரே ஒரு எண்தான் ஏறும். கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்தவர், 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கலவரம் வரைக்கும் தேடி எடுத்து ஒரு ஜனத்தின் கதையை எழுதியிருக்கிறார். எனக்கு அது 'டார்கெட்டுக்குக் கட்டுப்படியாகாத' புத்தகம்! எண்ணிக்கை நம்மை எதைப் படிக்க வைக்கிறது என்பதைவிட, எதைப் படிக்க விடாமல் தடுக்கிறது என்பதுதான் பெரிய நஷ்டம்.

நல்ல கணக்கில் முதலில் நின்றது அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. 1977-ல் வந்த நாவல். அவர் பிறந்ததே செகந்திராபாத்தில்தான், 1931-ல். நாவலில் சந்திரசேகரன் இங்கே படிக்கிற தமிழ்ப் பையன். கிரிக்கெட் பைத்தியம். சுற்றிலும் நிஜாம் ஆட்சி, ரஜாக்கர்கள், ஊரை விட்டு ஓடும் ஜனம். 1948 செப்டம்பர் 13 இந்தியப் படை உள்ளே வந்து, 17-ஆம் தேதி நிஜாம் பணிந்தார். அந்தக் காலம்தான் கதை.

மகளுக்கு இதைச் சொல்ல ஆரம்பித்தேன். மொபைலை எடுத்துப் பார்த்து, "நம்ம ஊர் பதினேழரைதான்ப்பா, பதினெட்டு இல்ல" என்றாள். சரி, கேட்கிறாள் என்று தெம்பு வந்தது. மூன்று ராத்திரி, சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். இவள் தினமும் ஸ்கூல் பஸ்ஸில் போகிற ஊரில் இவ்வளவு நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. பாதி எனக்கே தெரியாது, படிக்கும் வரை.

கடைசி இடம் வந்தபோது தயங்கினேன். கலவரத்தில் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் சந்திரசேகரன் போய்விடுகிறான். குடும்பத்தைக் காப்பாற்ற அந்த வீட்டுப் பெண் தன்னையே கொடுக்க முன்வருகிறாள். அவன் வெளியே ஓடுகிறான். பதினாலு வயசுப் பிள்ளையிடம் இதைச் சொல்லலாமா? வார்த்தையைத் தேடித் தேடி, சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணுக்கு அவளோட வயசுதானே இருக்கும், என்னோட வயசு?" என்று குழறினாள். தட்டைக் கழுவப் போய்விட்டாள். எனக்கும் பதில் இல்லை.

24 புத்தகத்தில் எனக்குக் கிடைத்த லாபம் என்ன என்று கேட்டால் அந்த மூன்று ராத்திரிகளைத்தான் சொல்வேன்.

நம்மைப் போல வெளியூரில் குடும்பம் நடத்துகிறவர்கள் வீட்டில் தமிழ் அலமாரி நம்மோடு முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு எழுத்து வரவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. அது நடக்கிற வரைக்கும், புத்தகம் அவர்களிடம் போய்ச் சேர ஒரே வழி நம் வாய்தான். அதற்கு நமக்கு ஞாபகம் இருக்க வேண்டும். ஞாபகம் இருக்கிற மாதிரி படிக்க வேண்டும்.

அப்படியானால் டார்கெட்டே வேண்டாமா? இதற்கு மனைவி பதில் சொல்லிவிட்டார். "டார்கெட் இல்லாதப்ப பத்து வருஷமா நீங்க என்ன படிச்சு கிழிச்சீங்க?" நியாயம்தான். அந்த 24 இல்லை என்றால் அசோகமித்திரனையும் எடுத்திருக்க மாட்டேன்.

அதனால் டைரியை மூடவில்லை. வருஷத்துக்கு எட்டு என்று குறைத்துவிட்டு, முடித்த தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்த்திருக்கிறேன்: '90 நாள் கழித்துச் சொன்னது'. அதில் தேதி விழுந்தால்தான் கணக்கில் சேரும். 'அஞ்ஞாடி'யை முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். ஆண்டியும் மாரியும் சிநேகிதர்கள் என்பது வரைக்கும் வீட்டில் சொல்லியாகிவிட்டது. "அப்புறம்?" என்று கேட்கிறாள். அந்த 'அப்புறம்' இருக்கிறதே, எந்த டார்கெட்டும் என்னை அப்படி விரட்டியதில்லை.