வடித்தவன் பெயர் எங்கே?

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்திலே நிற்கிறது திருவெண்காட்டுச் செப்புத் திருமேனி. தலையிலே பாம்புகள் பின்னிய சடைமகுடம். ஒரு கை எதன்மீதோ சாய்ந்திருக்கிறது. காளையைக் காணோம்! ஆயினும், அக்கையின் வளைவே காளையைக் காட்டுகிறது.

“தெய்வீகம்!” என்கின்றனர் பக்தர்கள். நாம் கேட்கிறோம்: வடித்த கை யாருடையது?

1011-ஆம் ஆண்டுச் சிலை என்று காலம் தெரிகிறது. கொடுத்தவன் பெயர் கல்லிலே உண்டு. வடித்தவன் பெயர் இல்லை! பெரிய கோயிலிலும் இதே கதைதான். செப்புத் திருமேனியின் உயரத்தை முழமாகவும் விரலாகவும் அளந்தனர். திருக்கைகள் நான்கென்று எண்ணினர். காலடியில் கிடக்கும் முயலகனைக்கூட மறவாமல் பொறித்தனர். மெழுகும் குங்கிலியமும் பிசைந்து, காவிரி வண்டலைக் கருவாகப் பூசி, நெருப்பருகே வெந்த இரண்டு கைகளை எண்ணினார்களா?

“ஆகமம் அளவு தந்தது, சிற்பி அதன்படி செய்தான், அவ்வளவே!” என்பர். அளவு ஒன்றே கலையாகுமெனில், அதே அளவில் வார்த்த சிலையெல்லாம் இதற்கு ஈடாக வேண்டுமே! ஆகின்றனவா?

சிலைக்குக் கண் திறப்பவன் சிற்பி. குடமுழுக்கு முடிந்தபின் கருவறைக்கு வெளியே நிற்பவனும் அவனே!

தோழர்களே! இல்லாத பெயரை நாம் இட்டுக்கட்ட வேண்டா. “இதனை வடித்த சிற்பியின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை” என்ற ஒரு வரியைக் கலைக்கூடத்திலே எழுதட்டும். சுவாமிமலையில் இன்று வார்க்கப்படும் சிலையிலேனும் வடித்தவன் பெயர் பொறிக்கப்படட்டும்.

இல்லாத காளையைக் காட்டியது அந்தக் கை. அந்தக் கைக்குரியவனைக் காட்டுவது நம் கடமை!