எழுத்துப் பலகை மட்டும் போதுமா?

நீரிழிவு நோய் உள்ள பெரியவர் ஒருவராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருப்பார். நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அத்தகையவரிடம், "கண்ணைக் காட்டினீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "கண்ணாடிக் கடையில் காட்டினேன், எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிகிறது" என்று சொல்லக்கூடும். அந்தப் பதில் போதாது என்பதே என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

நம் உயிரணுக்களில் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. உணவிலிருந்து கிடைத்த எலக்ட்ரான்கள் அங்கே படிப்படியாகக் கைமாறி, முடிவில் ஆக்சிஜனைச் சேர, நீர் உண்டாகிறது. நமக்கு ஆற்றல் கிடைக்கிறது. சில எலக்ட்ரான்கள் நடுவழியிலேயே கசிந்து ஆக்சிஜன் மூலக்கூறில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது தோன்றுவதே சூப்பராக்சைடு. இணை சேராத ஒற்றை எலக்ட்ரானைக் கொண்ட இதுவும், இதிலிருந்து பிறக்கும் பொருள்களும் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. ஆகியவற்றைச் சிதைக்கின்றன. இவற்றை அடக்க உடலில் நொதிகள் உண்டு. ஆனால் குளுக்கோஸ் மிகுந்தால் கசிவும் மிகுவதை, குருதிக் குழாய்ச் சுவரின் உயிரணுக்களில் செய்த சோதனைகள் காட்டியுள்ளன. உற்பத்தி அடக்குமுறையை மிஞ்சும் இந்நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் எனப்படுகிறது.

எடைக்கு எடை ஒப்பிட்டால், உடலில் மிக அதிக ஆக்சிஜனைச் செலவிடும் திசுக்களுள் விழித்திரையும் ஒன்று. எனவே அங்கே பாதிப்பு கடுமையாகிறது. நுண்ணிய குருதிக் குழாய்கள் புடைக்கின்றன, கசிகின்றன, அடைபடுகின்றன. ஆக்சிஜன் கிட்டாத பகுதி புதிய குழாய்களை வளரத் தூண்டுகிறது. வலுவற்ற அவை உடைந்தால் கண்ணுக்குள் குருதி கசியும். இவ்வளவு நடந்தும் வலி இராது! நடுப்பார்வைக்குரிய இடம் கெடாதவரை, எழுத்துப் பலகையின் கடைசி வரியையும் படித்துவிடலாம். புகைப்படக் கருவியின் வில்லையைச் சோதித்துவிட்டு, உள்ளே இருக்கும் பிலிமும் நன்றாக இருக்கிறது என்று சொல்லலாமா?

"ஆக்சிஜனேற்றம்தான் காரணமென்றால், அதைத் தடுக்கும் மாத்திரையை விழுங்கினால் தீர்ந்ததே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நியாயமாகத் தோன்றுவது வேறு. சோதனையில் நிலைப்பது வேறு. கண்ணைக் காக்க இத்தகைய மாத்திரைகளை நம்பலாம் என்பதற்குப் போதிய சான்று இன்றும் இல்லை. குளுக்கோஸைக் கட்டுப்படுத்துவதற்கோ உறுதியான சான்று உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1993-இல் வெளியானது. தொடக்கத்தில் விழித்திரைப் பாதிப்பு இல்லாதிருந்தவர்களுள், தீவிரக் கட்டுப்பாட்டில் இருந்தோருக்கு அது தோன்றும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. கசிவின் மூலத்தையே அடைப்பதுதான் சிறந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது, விழித்திரையை நேரே பார்ப்பது. இங்கே இயற்பியல் கைகொடுத்தது. கண்மணிக்குள் நுழைந்த ஒளி வந்த வழியே திரும்பும். அதைக் காண முயன்றால் நம் தலையே விளக்கை மறைத்துவிடும். அதனால்தான் கண்மணி கறுப்பாகத் தெரிகிறது. ஆற்றல் அழியாமை விதியை வகுத்தவர்களுள் ஒருவரான ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1851-இல் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார். சாய்த்து வைத்த கண்ணாடித் தகடுகளால் ஒளியைக் கண்ணுக்குள் திருப்பி, அதே தகடுகளின் ஊடே நோக்கினார். உயிருள்ள மனிதனின் விழித்திரை தெளிவாகத் தெரிந்தது! இன்று கேமராக்கள் அதை நொடியில் படமெடுக்கின்றன. கோளாறு காலத்தில் தெரிந்தால், லேசர் ஒளியாலும் கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தாலும் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். இழந்த பார்வையை மீட்பதோ மிகக் கடினம்.

ஆகவே, நடுவயதில் பலருக்கும் வரும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள், நோய் தெரிந்தவுடனேயும் அதன்பின் பொதுவாக ஆண்டுக்கொரு முறையும் விழித்திரையைக் காட்ட வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் கண் பிரிவு உண்டு. மாணவர்களே, இன்று மாலையே வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: "சொட்டு மருந்து விட்டோ, படமெடுத்தோ உங்கள் விழித்திரையைக் கடைசியாகப் பார்த்தது எப்போது?" பதில் சொல்லத் தயங்கினால், துணைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.