சுவரின் ஈரமும் இளையோரின் கணனியும்



மருத்துவப் பகுதியில் வீட்டு நிர்வாகத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். குளிர்காலத்தில் இருமலும் இழுப்புமாக வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம், "வீட்டுச் சுவரில் பூஞ்சணம் உண்டா?" என்று கேட்பது என் வழக்கம். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு ஆஸ்துமாவும் பிற சுவாச நோய்களும் கூடுதலாகக் காணப்படுவதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் எடுத்துரைத்திருக்கிறது. இழுப்புக்கு நான் மருந்து எழுதித் தரலாம். ஒழுகும் குழாயைத் திருத்துவது வீட்டை நிர்வகிப்பவர் கையிலேயே இருக்கிறது.

ரொச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்ததை நீங்கள் அறிவீர்கள். வீட்டிலிருந்த பூஞ்சணத்தை நீண்டகாலம் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். தகப்பனார் 2017இலேயே முறையிட்டிருந்தார். மேலே வர்ணம் பூசும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. 2020இல் சுகாதாரப் பணியாளர் ஒருவரும் கவலை தெரிவித்திருந்தார். வழக்கறிஞர் மூலம் முறையிட்டதும், வழக்குப் பேசி முடியும்வரை திருத்த வேலை செய்வதில்லை என்ற விதி குறுக்கே நின்றது. ஆக, அந்தச் சுவரைப் பற்றிப் பலருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததெல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து, ஒருவரை எழுந்துபோய் வேலையைச் செய்ய வைக்கவில்லை.

வீட்டுவசதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன் 2023 மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கை முழுக்க முழுக்கப் பதிவேடுகளைப் பற்றியதே. பதிவுகள் சீராக இல்லாததும், ஓர் அலுவலகத்தின் கணனிகளே ஒன்றோடொன்று பேசாததும் எத்தனையோ முறைப்பாடுகளுக்கு வேராக இருப்பதை அது விளக்கியது. மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலோடு அவரது குறிப்பேடும் இருக்கும். இரவுப் பணிக்கு வரும் வைத்தியர் அதைப் பார்த்தே நிலைமையை அறிவார். வீட்டுக்கு அப்படியொரு குறிப்பேடு பல இடங்களில் இருக்கவில்லை. பழைய அலுவலரின் ஞாபகமே குறிப்பேடு. அவர் ஓய்வுபெற்றால் அதுவும் போய்விடும்.

இந்த நிலையை மாற்ற முன்னிற்பவர்களில் இத்தொழிலுக்குப் புதிதாக வந்த இளையோர் முக்கியமானவர்கள். எமது சங்கத்து இளைஞர் ஒருவர் ஹவுசிங் அசோசியேஷனில் வேலை பார்க்கிறார். அவர் சொன்னார்: "ஒரே விபரத்தை மூன்று இடத்தில் பதியச் சொன்னால், மூன்றாவது இடத்தில் யாரும் பதியமாட்டார்கள், அங்கிள்." பலரும் இதைச் சோம்பல் என்பார்கள். எனக்கு அது நல்ல நோயறிதலாகப் பட்டது. ஒருமுறை பதிந்தால் எல்லோரும் பார்க்கவேண்டும், குடியிருப்பவர் கைத்தொலைபேசியில் எடுத்த படம் நேரே கோப்பில் சேரவேண்டும், நாட்கள் கடந்தால் கணனியே எச்சரிக்க வேண்டும் என்று இவர்கள் கேட்கிறார்கள். வீட்டின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து அலுவலகத்துக்கு அனுப்பும் சிறு கருவிகளும் இப்போது சுவர்களில் ஏறியுள்ளன.

சட்டமும் இதையே வற்புறுத்துகிறது. அக்குழந்தையின் பெயரால் வழங்கும் அவாப் சட்டம் இங்கிலாந்தின் சமூக வீடுகளில் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் உள்ளது. உயிராபத்தான குறையை 24 மணி நேரத்துக்குள் பார்த்துப் பாதுகாப்பாக்க வேண்டும். பாரதூரமான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். ஆராய்ந்து முடித்தபின் 3 வேலை நாட்களுக்குள் முடிவை எழுத்தில் தந்து, 5 வேலை நாட்களுக்குள் ஆபத்தை நீக்க வேண்டும். இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்து நடத்த முடியாது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கருவி ஈரத்தை அளக்கும், காரணத்தைச் சொல்லாது. "நீங்கள் சமைப்பதும் குளிப்பதும்தான் காரணம்" என்று எம்மவரிடம் சொல்வது பழைய கதை. ரொச்டேலிலும் அக்குடும்பத்தின் வாழ்க்கை முறையைப் பற்றித் தவறாக ஊகித்ததை வீட்டை நிர்வகித்தவர்களே பின்னர் ஒப்புக்கொண்டார்கள். கணனியில் தெரியும் இலக்கத்தை வைத்து அதே பழியைச் சுமத்தவும் இடமுண்டு. ஆகவே இலக்கம் ஏறினால் ஒருவர் வந்து கதவைத் தட்டிச் சுவரைத் தொட்டுப் பார்க்கவேண்டும். காய்ச்சல்மானி எத்தனை நல்லதாயினும் நோயாளியைப் பார்க்காமல் வைத்தியம் இல்லை.

நாம் செய்யக்கூடியவை சில. பூஞ்சணத்தைக் கண்டால் படமெடுத்து, எழுத்தில் முறையிட்டு, பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரரோ, கைக்குழந்தையோ, முதியவரோ இருந்தால் அதையும் எழுதுங்கள். தனியே வாழும் அம்மம்மாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் கைத்தொலைபேசி முறைகள் புரியாது. ஞாயிறு பூசைக்கு வரும் இளையோர் அவர்களருகே பத்து நிமிடம் அமர்ந்து முறைப்பாட்டைப் பதிந்து கொடுத்தால் அதுவும் தொண்டே.

எம்மில் இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருப்போரும் பலர். குடியிருப்பவர் அனுப்பும் செய்தியைப் பார்த்தும் பாராமல் விடாதீர்கள். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை உறங்கக்கூடும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.