நாளொரு படம்

நுழையும் முன்

கைப்பேசியில் நாம் எடுக்கும் படங்கள் பல; மீண்டும் எடுத்துப் பார்ப்பவை மிகச் சில. நாளைக்கு ஒரு படம் என ஓராண்டு முழுவதும் எடுத்துவந்தால் என்ன பயன் விளையும்? இதுபற்றிய ஆசிரியர் ஒருவரின் கருத்தை இப்பாடத்தில் படிப்போம்.



பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்வது உங்களுள் பலருக்குப் பழகிய ஒன்று. மூன்றாண்டு ஓர் ஊர். நான்காண்டு மற்றோர் ஊர். முன்பு வாழ்ந்த ஊரைப் பற்றிக் கேட்டால், "அங்கே பெரிய மைதானம் இருந்தது" என்பதற்கு மேல் சொல்ல இயலாமல் நிற்கும் மாணவர்களை நான் பல வகுப்புகளில் கண்டிருக்கிறேன். வாழ்ந்த ஊர் நினைவிலிருந்து நழுவிப்போவது பெரும் இழப்பாகும். அதனைத் தடுக்க எளிய வழி ஒன்று உண்டு. ஓராண்டுக்கு நாள்தோறும் ஒரே ஓர் ஒளிப்படம் எடுங்கள். அதன்கீழ் நாளையும் இடத்தையும் குறித்துத் தமிழில் ஒரு தொடர் எழுதுங்கள். கிடர்பூரில் வாழும் ஒவ்வொரு தமிழ் மாணவரும் இதனைச் செய்தல் வேண்டும் என்பது என் கருத்து.

முன்னோர் காட்டிய வழி

நாள்தோறும் பதிவு செய்யும் பழக்கம் தமிழருக்குப் புதிதன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாசியாகப் பணியாற்றிய ஆனந்தரங்கர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். துறைமுகத்திற்கு வந்த கப்பல்கள், வணிகச் செய்திகள், போர்கள், ஊர்ப்பேச்சு எனக் கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதிவைத்தார். அவர் எழுதியபோது அவை அன்றாடச் செய்திகள். இன்று அவையே வரலாற்றுச் சான்றுகள்.

ஒளிப்படத்திலும் இத்தகைய முயற்சி உண்டு. நியூயார்க் நகரில் வாழ்ந்த ஜேமி லிவிங்ஸ்டன், 1979 மார்ச் 31 முதல் 1997 அக்டோபர் 25 வரை நாள்தோறும் ஒரு போலராய்டு படம் எடுத்தார். நண்பர்கள், உணவு, தெரு, இறுதியில் தம்மை வாட்டிய நோய் என அனைத்தும் அப்படங்களில் உள்ளன. தாம் மறையும் நாள்வரை அவர் அப்பழக்கத்தைக் கைவிடவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் செய்ததை நாம் ஓராண்டு செய்து பார்க்கலாகாதா?

ஊர் கற்பிக்கும் இலக்கணம்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று அகப்பொருள் இலக்கணத்தில் படிக்கிறோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெரும்பொழுது ஆறு. வங்காள மக்களும் ஆண்டை ஆறு பருவங்களாகவே பகுக்கின்றனர். ஆயினும் இரு நிலங்களிலும் மழை ஒரே காலத்தில் பெய்வதில்லை.

நம் இலக்கணப்படி ஆனியும் ஆடியும் முதுவேனில். கிடர்பூரிலோ ஆனி மாதத்திலேயே தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. தமிழகக் கடற்கரையில் அடைமழை பெய்யும் ஐப்பசியில் இங்கு வானம் தெளிந்துவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குக் காற்றின் மழையைப் பெரிதும் தடுத்துவிடுவதால், தமிழகத்தின் கிழக்குப் பகுதி வடகிழக்குப் பருவக்காற்றை நம்பியிருக்கிறது. இவ்வேறுபாட்டைப் புத்தகத்தில் படிப்பது ஒருவகை. நீங்களே எடுத்த ஆனி மாதப் படத்தையும் ஐப்பசி மாதப் படத்தையும் அருகருகே வைத்துக் காண்பது மற்றொரு வகை. பின்னது மறக்காது.

இதற்காக ஒரு விதியை வகுத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள்களில் விரும்பியதைப் படம் எடுக்கலாம். தமிழ் மாதம் பிறக்கும் நாளில் மட்டும் ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையை நோக்கி எடுங்கள். வீட்டு மாடியோ தெருமுனையோ ஊக்ளி ஆற்றின் படித்துறையோ போதும். ஆற்றை எடுப்பவர்கள் வேறொன்றையும் காண்பார்கள். கடலின் ஓதம் இவ்வாற்றில் ஏறி வருவதால், ஒரு படத்தில் நீர் படிகளை மூடியிருக்கும். இன்னொரு படத்தில் சேறு தெரியும்.

பன்னிரு மாதங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வேனிலில் மாலைப் புயலாகிய கால்பைசாகி வரும். புரட்டாசி தொடங்கும்போது விசுவகர்மா பூசைக்காகப் பட்டங்கள் பறக்கும். மார்கழியிலும் தையிலும் ஈச்சமரச் சாற்றைக் காய்ச்சி எடுத்த புதுவெல்லம் கடைகளுக்கு வரும். அதனைக் காணும்போது நம் பனங்கருப்பட்டி உங்கள் நினைவுக்கு வரக்கூடும்.

எந்த நாள் இறுதி நாள்?

எஸ்பிளனேடுக்கும் கிடர்பூருக்கும் இடையே 1902 இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 2020 மே மாதம் அம்பன் புயல் நகரைத் தாக்கியபின் அவ்வழியில் டிராம் நின்றுபோயிற்று. சென்னையிலும் 1895 முதல் டிராம் ஓடியது. 1953 இல் நின்றது. நாள்தோறும் அதில் சென்றவர்களுள் எத்தனை பேர் அதனைப் படம் எடுத்திருப்பார்கள்? என்றும் இருக்கும் என்று நாம் எண்ணுபவற்றையே படம் எடுக்க மறக்கிறோம். ஆகவே விழாவை மட்டும் எடுக்காதீர்கள். பள்ளிக்குச் செல்லும் வழி, காலையில் தேநீர் விற்பவரின் மண்குவளைகள், அம்மா கோலமிடும் வாசல் ஆகியவற்றையும் எடுங்கள்.

சில ஐயங்கள்

கைப்பேசியைக் கொடுத்தால் படிப்புக் கெடும் என்று பெற்றோர் அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானதே. ஆனால் இம்முயற்சிக்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். பெற்றோரின் கைப்பேசியை வாங்கி, ஒரு படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். ஒரே படம்தான் என்னும்போது எதை எடுப்பது என்று நாள் முழுவதும் கண்கள் தேடும். நூறு படம் எடுப்பவருக்கு அத்தேடல் தேவைப்படுவதில்லை. கைப்பேசி கிடைக்காத நாளில் சிறு கோட்டோவியம் வரையலாம்.

ஒரு நாள் தவறிவிட்டால் என்ன செய்வது? அந்நாளை வெறுமையாக விட்டுக் காரணத்தை எழுதுங்கள். மறுநாள் எடுத்த படத்திற்கு முந்தைய நாளின் தேதியை இடாதீர்கள். 340 உண்மையான படங்கள் 365 பொய் கலந்த படங்களினும் மேலானவை.

பிறரைப் படம் எடுக்குமுன் அவர்தம் இசைவைப் பெறுங்கள். கப்பல்துறை முதலிய பாதுகாப்புக்குரிய இடங்களில் அனுமதியின்றிப் படம் எடுத்தல் கூடாது.

தொடர் எழுதும் முறை

"இது அழகான படம்" என்று எழுதினால் படத்தில் இல்லாத எதையும் நீங்கள் சொல்லவில்லை. "ஆனி 8. தெருவில் முழங்கால் அளவு நீர். மீன் விற்பவர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்" என்று எழுதிப் பாருங்கள். நங்கூரம், பாரந்தூக்கி, ஓதம் முதலிய சொற்கள் தேவைப்படும்போது அப்பாவிடம் கேளுங்கள். ஊரிலுள்ள தாத்தாவிடமும் பாட்டியிடமும் தொலைபேசியில் கேளுங்கள். வாரத்தில் சில பாடவேளைகளே தமிழுக்குக் கிடைக்கும் நமக்கு, ஆண்டு முழுவதும் நாள்தோறும் ஒரு தமிழ்த் தொடர் எழுதுவது சிறிய பயிற்சியன்று.

அடுத்த பணிமாற்ற ஆணை எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. இன்று ஒரு படம் எடுப்பது நம் கையில் உள்ளது. புதிய ஊரில் யாரேனும் "கிடர்பூர் எப்படி இருக்கும்?" என்று கேட்டால், "எந்த மாதத்துக் கிடர்பூர்?" என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

சிந்தித்து எழுதுக

1. உங்கள் தெருவில் இன்னும் ஐந்தாண்டுகளில் மறையக்கூடியது எது என்று கருதுகிறீர்கள்? ஏன்?
2. இன்று ஒரு படம் எடுத்து, நாளும் இடமும் குறித்து அதற்கு ஒரு தொடர் எழுதுக.
3. நாள் தவறினால் வெறுமையாக விடவேண்டும் என்னும் ஆசிரியரின் கருத்தை ஏற்கிறீர்களா? உங்கள் விடைக்குக் காரணம் கூறுக.