உயிரின் எழுத்தைத் திருத்திய மருத்துவர்

ஓரெழுத்துப் பிழைபடினும் பொருள் மாறும். ‘அறம்’ என்பதனை ‘அரம்’ என்று எழுதினால் நற்செயல் இரும்பை அராவும் கருவியாகிவிடும். மாந்தர் உடலிலும் இத்தகைய எழுத்துகள் உண்டு. அவை ஏறத்தாழ 300 கோடி. அவற்றால் ஆயதே மரபுச் செய்தி. அச்செய்தியில் நேரும் பிழைகளால் வெள்ளணுக்கள் வரம்பின்றிப் பெருகுவதே இரத்தப் புற்றுநோய்.

குழந்தைகளுக்கு வரும் இந்நோயை இன்று பெரும்பாலும் மருந்துகளாலேயே தீர்க்கலாம். மருந்துக்கும் அடங்காத நோய்க்கு வழி தேடினார் இலண்டன் மாநகரின் கிரேட் ஆர்மண்ட் ஸ்திரீட் மருத்துவமனைப் பேராசிரியர் வசீம் காசிம். 2022-ஆம் ஆண்டில் அவர் குழுவினர் 13 வயதுச் சிறுமி ஒருத்திக்கு மருத்துவம் செய்தனர். அவள் நோய், உடலைக் காக்கும் படைவீரராகிய டி அணுக்களிலேயே தோன்றியது. வீரரும் பகைவரும் ஒரே அடையாளம் பூண்டிருப்பின், வீரர் தம்முள்ளேயே பொருது மடிவர் அன்றோ? ஆதலின், கொடையாளர் ஒருவரின் டி அணுக்களில் குறித்த எழுத்துகளை மாற்றி அவ்வடையாளத்தை நீக்கினர். அவ்வடையாளமுடைய நோயணுக்களைத் தேடி அழிக்கும் ஆற்றலையும் ஊட்டினர். 28 நாள்களில் நோய் ஒடுங்கிற்று. பின்னர் எலும்பு மஜ்ஜை மாற்றமும் செய்யப்பெற்றது.

இவ்வருஞ்செயல் யாருக்குப் பயன்படும்? கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நாட்கூலிக்கு உழைக்கும் தந்தை, நோயுற்ற மகவைத் தோளிற் சுமந்து மின்தொடர் வண்டியில் சென்னைக்கு வருகிறான் எனக் கொள்வோம். அவனுக்கு எட்டாத மருத்துவம் எத்துணை உயர்ந்ததாயினும் நிறைவுற்றதாகாது.

‘எட்டாக் கனிக்கு ஏன் பொருளைச் செலவிடல் வேண்டும்? எளிய மருந்துகளைப் பெருக்கினாற் போதாதோ?’ என்பாரும் உளர். அவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், அவ்வெளிய மருந்துகளும் ஒருகால் அரியனவே. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் மருத்துவர் சாந்தா 1955-இல் பணியேற்றார். அந்நாளில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் சாவிலேயே முடிந்தது. 2021-இல் அவர் மறையும்போது அந்நிலை மாறியிருந்தது. ஏழையரை விலக்காத அம்மருத்துவமனையின் தொண்டும் அம்மாற்றத்திற்குத் துணைநின்றது.

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் டாடா நினைவு மையத்துடன் இணைந்து உருவாக்கிய உயிரணு மருத்துவத்திற்கு 2023-இல் அரசு இசைவளித்தது. இது எழுத்தைத் திருத்துவதன்று. நோயாளியின் டி அணுக்களில் புதிய மரபணுவைச் சேர்ப்பது. இதன் செலவு அமெரிக்காவில் ஆவதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. எனினும், அதுவும் பல இலட்சம் ரூபாயாகும்.

மாணாக்கர்களே! அருமருந்து தானே எளிதாவதில்லை. அறிவும் அருளும் உடையார் அதனை எளிதாக்குகின்றனர். புதியது காண்பதும் அதனை ஏழையின் வாயிலிற் சேர்ப்பதும் மருத்துவம் என்னும் ஒரே அறத்தின் இரு பகுதிகளாம்.